ஷார்ட்டேஜ் தொகையைச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்: கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கடை உரிமையாளர்களுக்கும் வணிகர் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

ஆடித் தள்ளுபடி தொடங்கிப் பொங்கல் முடியும்வரை ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, சூப்பர் மார்க்கெட் எங்கே போனாலும் திருட்டைப் பற்றிய பேச்சு ஓயாது. சங்கக் கூட்டங்களில் கூடுதல் ரோந்து கேட்கிறீர்கள், தெருக் கேமரா கேட்கிறீர்கள். தீபாவளிக்கு முன்னால் மதுரை விளக்குத்தூண் பக்கமும் சென்னை ரங்கநாதன் தெருவிலும் போலீஸார் கோபுரம் அமைத்துக் கூட்டத்தைக் கண்காணிக்கிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோபுரத்திலிருந்து கடைக்கு உள்ளே பார்க்க முடியாது. உள்ளே நடப்பதைப் பார்க்கக்கூடியவர்கள் உங்கள் ஊழியர்கள் மட்டும்தான். நான் மதுரை ஜவுளிக்கடைகளில் சேல்ஸ் பெண்ணாகச் சேர்ந்து, பிறகு தள மேற்பார்வையும் ஸ்டாக் எடுக்கும் வேலையும் பார்த்தவள். அந்த ஊழியர்கள் சார்பில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

கணக்கில் குறையும் சரக்கின் விலையை "ஷார்ட்டேஜ்" என்று ஊழியர் சம்பளத்தில் பிடிப்பதை நிறுத்துங்கள். இரக்கத்துக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. இந்த வழக்கம்தான் கடைகளில் திருட்டை வளர்க்கிறது.

உங்கள் நஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆயிரம் ரூபாய்ச் சேலையில் எல்லாச் செலவும் போக நூறு ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சேலை களவு போனால், அதை ஈடுகட்டவே இன்னும் ஒன்பது சேலை விற்றாக வேண்டும். வட்டிக்கு வாங்கிச் சரக்கு இறக்கியவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலில் யார் தலையில் கட்டலாம் என்று தேடும்போது, கவுண்டரில் நிற்கும் பெண்தான் முதலில் கண்ணில் படுகிறாள்.

சேலைப் பிரிவில் களவு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சாயங்காலம் ஏழு மணி, கூட்டம் நெரிகிற நேரம். நாலைந்து பேர் குடும்பமாக வருவார்கள், கையில் ஒரு பெரிய கட்டைப்பை இருக்கும், கூடவே ஒரு குழந்தை. முதலில் மேசை முழுக்கச் சேலையைப் பிரிக்க வைப்பார்கள். அப்புறம் ஒருவர் மேல் அடுக்கைக் காட்டி, "அந்த மயில்கழுத்து கலரை எடும்மா" என்பார். சேல்ஸ் பெண் ஸ்டூலில் ஏறிக் கை நீட்டும்போது அவள் முதுகு பார்ட்டியின் பக்கம் இருக்கும். அதே நேரம் இன்னொருவர் பக்கத்து மேசைப் பெண்ணிடம் விலை கேட்பார், குழந்தை அழும். அவள் இறங்கித் திரும்பும்போது ஒரு சேலை பைக்குள்ளோ, கட்டியிருக்கும் சேலையின் கொசுவத்துக்குள்ளோ போயிருக்கும். மேசையில் முப்பது சேலை குவிந்து கிடக்கையில் ஒன்று குறைவதை எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. "எதுவும் பிடிக்கலம்மா" என்று எழுந்து போய்விடுவார்கள்.

ரெடிமேட் பக்கம் டிரையல் ரூமில் நடக்கும். நாலு சுடிதாரோடு உள்ளே போனவர் மூன்றோடு வெளியே வருவார். நாலாவது, அவர் போட்டிருக்கும் உடுப்புக்கு அடியில் இருக்கும். பிய்த்த டேக்கைக் கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருப்பார், அல்லது வேண்டாமென்று திருப்பித் தந்த பேண்ட் பாக்கெட்டில் போட்டிருப்பார். சூப்பர் மார்க்கெட்டில் நெய், முந்திரி, பிளேடு, குழந்தைகளுக்கான பால் பவுடர் என்று சின்னதும் விலை கூடியதுமாகப் பார்த்து எடுப்பார்கள். நகைக்கடையில் தட்டிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்துக்கொண்டு, அதே அச்சில் செய்த கவரிங் மோதிரத்தை வைத்துவிடுவார்கள். எண்ணிக்கை சரியாக இருப்பதால், ராத்திரி எடை போடும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

இவற்றைத் தடுக்கும் வழியெல்லாம் பழைய கடைக்காரர்களுக்குப் பாடம். சேலை மேசைக்குக் காட்ட ஒருவர், மடிக்க ஒருவர். பார்த்து ஒதுக்கியதை உடனே மடித்து அடுக்கிவிட்டால் மேசையில் ஏழெட்டுக்கு மேல் சேராது, அப்போது ஒன்று குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியும். டிரையல் ரூமுக்கு உருப்படி எண்ணிக்கை போட்ட டோக்கன். நகைக்கடையில் முதல் தட்டு உள்ளே போன பிறகே அடுத்த தட்டு. பைகளை வாசலில் வாங்கி டோக்கன் கொடுப்பது. இவை எல்லாவற்றையும் விடப் பெரியது, உள்ளே வருகிறவரின் முகம் பார்த்து, "வாங்கக்கா, என்ன பார்க்கிறீங்க?" என்று கேட்பது. வாங்க வந்தவருக்கு அது உபசரிப்பு. எடுக்க வந்தவருக்கு, தன் முகத்தை ஒருத்தி நன்றாகப் பார்த்துவிட்டாள் என்ற எச்சரிக்கை. அப்படிக் கேட்டதுமே சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியேறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் ஆள் வேண்டும். ஆனால் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் நிறுத்தப்படுவது மடிக்கிற ஆள். அடுத்தது டிரையல் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்த அக்கா. சீசனுக்கு எடுக்கும் புதுப் பிள்ளைகளைக் காலையில் சேர்த்து மதியமே மேசையில் நிறுத்திவிடுகிறார்கள். எது பட்டு, எது ஆர்ட் சில்க் என்றே தெரியாத பிள்ளைக்கு, பார்ட்டியின் கையைக் கவனிக்க எங்கே நேரம் இருக்கும்?

அந்த இடத்தை நிரப்பக் கருவிகளை வாங்குகிறீர்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாசலில் இருக்கும் சென்சார் கேட் நல்ல பொருள்தான். பில் போடும் இடத்தில் டேக்கைக் கழற்ற மறந்தால், பணம் கட்டியவர் போகும்போதும் அது கத்தும். ஒரு சாயங்காலத்துக்குள் இப்படிப் பல தடவை கத்திவிட்டால் செக்யூரிட்டி அண்ணன் பில்லைப் பார்க்காமலே "போங்க, போங்க" என்று கை காட்டத் தொடங்கிவிடுவார். அதன் பிறகு உண்மையான திருடர் போகும்போது கத்தினாலும் யாரும் நிமிர மாட்டார்கள். கேட்டைச் சரியாக வேலை செய்ய வைப்பது பில்லிங்கில் நிதானமாக உட்கார்ந்திருக்கும் ஆள்தான். வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது அங்கே ஒரே ஆளை வைத்தால் நிதானம் வராது.

கேமராவும் அப்படித்தான். களவு போன பிறகு யார், எப்போது என்று அது காட்டும். நடக்கும்போது தடுக்க, திரையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் இருக்க வேண்டும். பல கடைகளில் அந்தத் திரை மேனேஜர் அறையில் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கடிகாரம் இருபது நிமிடம் தள்ளி ஓடும், பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிப் பழையது அழிந்திருக்கும். பதிவை நீதிமன்றத்தில் ஏற்க வேண்டுமானால் பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழோடு கொடுக்க வேண்டும். நேரமே தப்பாக ஓடும் பதிவை எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார். உடை மாற்றும் இடத்தை நோக்கிக் கேமரா திரும்பவே கூடாது. அங்கே பெண்களைப் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 77-ஆவது பிரிவில் குற்றம்.

இனி ஷார்ட்டேஜுக்கு வருகிறேன். ஸ்டாக் எடுத்து முடித்ததும் கணினி ஒரு எண்ணைச் சொல்லும், அலமாரி ஒரு எண்ணைச் சொல்லும். நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுவதையும் "களவு" என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. ஒரு உதாரணம்: மூன்று நைட்டி, மூன்றுக்கும் வேறு வேறு பார்கோடு, விலை மட்டும் ஒன்று. அவசரத்தில் பில்லிங் ஆள் ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்து எண்ணிக்கை மூன்று என்று அடித்துவிடுவார். பணம் சரியாக வந்துவிடும். ஆனால் கணக்கில் மூன்று கழிந்த பார்கோட்டில் அலமாரியில் இரண்டு கூடுதலாக இருக்கும், மற்ற இரண்டு பார்கோட்டில் ஒவ்வொன்று குறையும். கூடுதலைப் பார்க்காமல் குறைவை மட்டும் பட்டியல் போட்டால் இரண்டு நைட்டி திருட்டுப் போனதாக ஆகிவிடும். கடையில் ஒரு நூல்கூடக் களவு போயிருக்காது.

இன்னும் இருக்கிறது. பன்னிரண்டு என்று எழுதிய பண்டல் பதினொன்றோடு வந்திருக்கும், குடோனில் பிரித்து எண்ணியிருக்க மாட்டார்கள். கிளைக்கு அனுப்பிய சரக்குக்கு டிரான்ஸ்பர் போட்டிருக்க மாட்டார்கள். கறை பட்டதென்று கம்பெனிக்குத் திருப்பிய உருப்படி கணக்கில் இன்னும் நிற்கும். ஒரு பிரிவில் ஷார்ட்டேஜ் வந்தால் முதலில் அதே விலையில் கூடுதல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு வரவுச் சீட்டையும் ரிட்டர்ன் சீட்டையும் பாருங்கள். நான் ஸ்டாக் எடுத்த இடங்களில் இப்படித் தேடும்போதே பட்டியல் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது.

இந்தத் தேடலுக்குப் பொறுமை இல்லாதபோது நடப்பது, மொத்தத் தொகையைப் பிரிவில் வேலை செய்யும் எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட்டுச் சம்பளத்தில் கழிப்பது. நான் வேலை பார்த்த ஒரு கடையில் மாதாமாதம் இது நடந்தது. அதன் விளைவையும் கண்ணால் பார்த்தேன். டிரையல் ரூமைப் பெருக்கப் போன பெண், கண்ணாடிக்குப் பின்னால் பிய்த்த டேக் ஒன்றைக் கண்டெடுத்தாள். அந்த டேக்கைவிட மதிப்பான தகவல் கடைக்கு வேறில்லை. எந்த உருப்படி, எந்த அறை, எந்த நேரம் என்று எல்லாம் அதிலேயே இருக்கிறது. உடனே சொன்னால் வாசலில் நிறுத்திக்கூட விடலாம். அவள் அதைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னா நம்ம செக்ஷன் கணக்குல ஏறிடும்க்கா. சொல்லாம இருந்தா ஸ்டாக் எடுக்கும்போது யாரு கண்டா" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் தண்டனை என்று கடையே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது.

அதே கடையில் பக்கத்து மேசையில் ஒருவர் பையைத் திறப்பதைப் பார்த்தாலும் வாய் திறக்க மாட்டார்கள். அது வேறு செக்ஷன், வேறு பங்கு. பிடித்தம் தாங்காமல் பழைய ஆட்கள் வேலையை விட்டுப் போவார்கள். அடிக்கடி வரும் கும்பலின் முகத்தை அடையாளம் தெரிந்தவர்கள் அவர்கள்தான், அந்த அறிவும் அவர்களோடு போய்விடும். இன்னொன்றும் உண்டு, சொல்லக் கசப்பாக இருக்கிறது. எடுக்காத பொருளுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களில் ஒருவருக்கு, "கட்டிய காசுக்கு எடுத்தால் என்ன" என்று ஒருநாள் தோன்றிவிடலாம்.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டிலேயே வந்தது. அதன்படி, இழப்புக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், அந்தப் பொருள் அந்த ஊழியரின் பாதுகாப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இழப்பு நேரடியாக அவருடைய கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும். அவர் தன் விளக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஆயிரம் பேர் வந்துபோகும் தளத்தில் திறந்த மேசையில் கிடக்கும் சேலை எந்த ஒரு பெண்ணிடமும் அப்படி ஒப்படைக்கப்பட்டதில்லை. செக்ஷனுக்கே மொத்தமாகப் பங்கு போடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

ராத்திரி சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடை அடைத்த பிறகு, வீட்டுக்குப் போகும் கடைசி பஸ் கிளம்பும் நேரத்தில், பெண்களை வரிசையாக நிறுத்திப் பையைக் கொட்டி, டிபன் பாக்ஸைத் திறந்து, சில இடங்களில் உடம்பைத் தடவியும் பார்க்கிறார்கள். போலீஸேகூட ஒரு பெண்ணை இன்னொரு பெண்ணைக் கொண்டுதான், கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கடை செக்யூரிட்டிக்கு அதற்கு மேல் அதிகாரம் எங்கிருந்து வந்தது? ஊழியர்கள் சொந்தப் பையை வைக்க விற்பனைத் தளத்துக்கு வெளியே பூட்டுள்ள லாக்கர் கொடுத்தால் இந்தச் சோதனையில் பெரும்பகுதி தேவைப்படாது. இது பெரிய செலவும் இல்லை.

"ஒத்துக்கோ, இல்லேன்னா ஸ்டேஷனுக்கு அனுப்பிடுவோம்" என்ற மிரட்டல் சில மேனேஜர்களுக்கு வாய்ப்பழக்கமாகிவிட்டது. மதுரைக்குப் பக்கத்தில் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த அஜித்குமார், காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டு 2025 ஜூனில் போலீஸார் அடித்ததில் உயிரிழந்தார். அதற்குப் பிறகு அந்த மிரட்டல் ஒரு தாயின் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். ஆதாரம் இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். வெறும் சந்தேகத்தில் யாரையும் அனுப்பாதீர்கள்.

கையும் களவுமாகப் பிடிபட்டவர் விஷயத்திலும் இதே நிதானம் வேண்டும். எல்லையைத் தாண்டினால் கேரளத்தின் அட்டப்பாடி. அங்கே 2018 பிப்ரவரியில் மது என்ற பழங்குடி இளைஞரை, கடைகளில் அரிசி திருடினார் என்று சொல்லிக் காட்டிலிருந்து பிடித்து வந்து, கையைக் கட்டி, செல்ஃபி எடுத்து, அடித்தார்கள். அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஒரு பிடி அரிசிக்கு ஒரு உயிர். நம் கடைகளில் அந்த அளவுக்குப் போகவில்லை என்று ஆறுதல்பட முடியாது. பிடிபட்ட பெண்ணைக் குடோனில் உட்கார வைத்து அறைவதும், அழ அழ வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அதே பாதையில்தான் இருக்கின்றன.

செய்ய வேண்டியது எளிமையானது. பெண்ணாக இருந்தால் பெண் ஊழியர் இருவர் கூட இருக்கட்டும். அடி, திட்டு, வீடியோ எதுவும் வேண்டாம். பொருளையும் பில் இல்லாததையும் நேரத்தையும் எழுதி வையுங்கள், கேமராப் பதிவைத் தனியே எடுத்து வையுங்கள், போலீஸைக் கூப்பிடுங்கள். கண் முன்னால் நடக்கும் கடுமையான சில குற்றங்களில் பொதுமக்களே ஆளைப் பிடிக்கலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் தாமதமில்லாமல், 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். ராத்திரி முழுக்க அடைத்து வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், முதல் முறையாக 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடித் தண்டிக்கப்படுகிறவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், தண்டனை சமூக சேவைதான். கடைக்குள் நடந்ததற்கு வேறு பிரிவு பொருந்துமா என்பதைப் போலீஸும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தைப் பால் பவுடர் டப்பாவைப் பைக்குள் போட்ட தாயையும், ஊர் ஊராகப் போய்ச் சேலை எடுக்கும் கும்பலையும் ஒரே கோலால் அளக்க வேண்டாம் என்று சட்டத்துக்கே தோன்றியிருக்கிறது.

பெரிய கொள்ளைகளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 2019 அக்டோபரில் திருச்சியில் நகைக்கடையின் சுவரைத் துளைத்துக்கொண்டு முகமூடியோடு உள்ளே போனார்கள். 2023 பிப்ரவரியில் சென்னை பெரம்பூரில் ஷட்டரை கேஸ் கட்டரால் வெட்டினார்கள். சுவர் அதிர்ந்தால் ஒலிக்கும் அலாரம், பின்பக்கத்துக்கும் வந்துபோகும் காவலாளி, ராத்திரியில் நகையை ஷோகேஸில் விடாமல் லாக்கரில் பூட்டுவது என்று அதற்கான வேலை தனி. சேல்ஸ் பெண்ணின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பதால் இதில் எதுவும் நின்றிருக்காது.

2021-இல் நம் சட்டமன்றம் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று அதே கடைகள் சட்டத்தைத் திருத்தியது. பல கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது, அதில் உட்கார்ந்தால் முறைக்கும் சூப்பர்வைசரும் இருக்கிறார். காலை ஒன்பதிலிருந்து நின்ற காலோடு இருக்கும் பெண்ணுக்கு ராத்திரி எட்டு மணிக்கு வலி மட்டும்தான் தெரியும், பார்ட்டியின் கை தெரியாது. கும்பல்கள் அந்த நேரம் பார்த்துத்தான் வருகின்றன. ஆள் இல்லாத நேரத்தில் பத்து நிமிடம் உட்கார விடுவதும் திருட்டைத் தடுக்கும் வேலைதான்.

மே 5 வணிகர் தினத்துக்கு ஒவ்வொரு ஆண்டும் மாநாடு கூட்டுகிறீர்கள், தீர்மானங்கள் போடுகிறீர்கள். வரும் மாநாட்டில் இதையும் ஒரு தீர்மானமாக வையுங்கள்: ஷார்ட்டேஜைச் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம், ஊழியர் உடம்பைத் தொட்டுச் சோதிக்க மாட்டோம், பிடிபட்டவரை அடிக்கவோ படம் பிடித்துப் பரப்பவோ மாட்டோம். மாநாடுவரை காத்திருக்க முடியாதவர்கள் ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள். பிடித்தத்தை நிறுத்திவிட்டோம் என்று முதலாளியே எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். பிய்த்த டேக்கைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு அன்றைக்கே சின்னதாக ஒரு ஊக்கத்தொகை கொடுங்கள். எந்த அறையில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். அந்த நோட்டில் எந்த இடம் திரும்பத் திரும்ப வருகிறதோ, நிறுத்திய ஆளைத் திரும்ப அங்கே போடுங்கள்.

இப்படிக்கு,
ஜவுளிக்கடைத் தள மேற்பார்வையாளராக இருந்த ஒருத்தி,
மதுரை.